படத்தில் ஏணி இருக்கிறது

மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் தம்பி பெண்டாட்டியும், பெரியவளும், சின்னவளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றி நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய இரத்த அழுத்தமும் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் "சரிக்கா" என்பேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிப்பேன். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது. முழுசாகப் படித்துவிட்டுத்தான் கோபப்பட முடியும். அதனால் உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒரு தரம் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துவிடு.

விஷயம் இதுதான். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அதற்கு வீட்டில் விருந்து வைக்கிறோம், அடுத்த மாதம் குடும்பத்தோடு வந்து சேர் என்றாய். சந்தோஷம். ஆனால் அதே மூச்சில், "சின்னவள யார்கிட்டயாவது விட்டுட்டு நீங்க மூணு பேரும் நிம்மதியா வாங்கடா. கூட்டத்துல அவளும் கஷ்டப்படுவா, நீங்களும் கஷ்டப்படுவீங்க" என்றாய். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் வழக்கம்போல "சரிக்கா" என்று வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் துணி மடித்துக்கொண்டிருந்த உன் தம்பி பெண்டாட்டி கையில் பாதி மடித்த சட்டையோடு என்னைப் பார்த்தபடி நிற்கிறாள்.   அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் பெரியவள் கேட்டாள், "அப்பா, நாம நாலு பேரும் சேர்ந்து கடைசியா எங்கப்பா போனோம்?" நான் யோசித்தேன். உன் தம்பி பெண்டாட்டியும் யோசித்தாள். சோறு ஆறிப்போச்சு, எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு ஆட்டிசம். இந்தச் சொல்லை நீ போனில் ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்கிறாய். வேண்டாம், சத்தமாகவே சொல், அதற்கு அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். அவளுக்குச் சத்தம் நம்மைவிடப் பலமடங்காகக் கேட்கிறது, வெளிச்சம் அதிகமாகக் குத்துகிறது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் பயம் வருகிறது. வார்த்தைகளை அவள் எண்ணி எண்ணித்தான் செலவு செய்வாள். மற்றபடி வீட்டில் எது இடம் மாறினாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். செருப்பு வலது இடது மாறியிருந்தாலும், காலண்டரில் தாள் கிழிக்காமல் விட்டிருந்தாலும் வந்து நின்று பார்ப்பாள், நாம் சரிசெய்கிறவரை நகர மாட்டாள். அதனால்தான் வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். இன்ஸ்பெக்டரை வெளியே கூட்டிக்கொண்டு போவது கஷ்டமாகிப் போனதில் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். நான் பெரியவளோடு வெளியே போனால் உன் தம்பி பெண்டாட்டி சின்னவளோடு வீட்டில், அவள் போனால் நான் வீட்டில். லிஃப்ட் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை, வீட்டிலும் ஷிப்ட். உன் போனுக்கு அப்புறம்தான் உறைத்தது, இப்படியே போனால் உன் வீட்டுக்கு மட்டுமில்லை, எங்குமே இந்தக் குடும்பம் முழுசாகப் போய்ச் சேராது. அதனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சேர்ந்து போய் நாலு பேரும் சேர்ந்து திரும்பிக் காட்டுகிறேன், அது முடிந்தால் அக்கா வீட்டுக்கும் நாலு பேராகவே போகலாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி பாதியில் விட்ட அந்தச் சட்டையை அப்போதுதான் மடித்து முடித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றாள்.

இடம் தேடினேன் அக்கா. முதலில் கேளிக்கைப் பூங்கா. நுழைவுச் சீட்டுக் காசில் வீட்டுக்கு மளிகை வாங்கிவிடலாம், அது போகட்டும். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு பாட்டு, எல்லாப் பாட்டும் ஒரே நேரத்தில். வேண்டாம். பெரிய கடைவளாகம் இலவசம், குளிர்ச்சி, ஆனால் கழிவறையில் கை உலர்த்தும் எந்திரம் இருக்கிறது. அந்த எந்திரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் நேரில் போய்ப் பேச வேண்டும். நமக்குப் புஸ் என்று காற்று, அவளுக்குக் காதுக்குள் ஆணி. இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் அது மாட்டியிருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்புறம் சினிமா. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக விளக்கை எரியவிட்டு, சத்தத்தைக் குறைத்துச் சிறப்புக் காட்சி, பாதிக் கட்டணம் என்று ஒரு தியேட்டரில் போட்டிருந்தார்கள். மனசு நெகிழ்ந்து நானும் சின்னவளும் போனோம். விளக்கை எரியவிட்டார்கள். சத்தத்தைக் குறைக்கிற ஆள் அன்றைக்கு லீவாம். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் நாங்கள் வெளியே ஓடியதை எல்லாரும் தெளிவாகப் பார்த்தார்கள்.

கடைசியில் எனக்கு ஞானம் வந்தது. எந்த இடத்துக்கு யாருமே போக ஆசைப்பட மாட்டார்களோ அதுதான் எங்களுக்குச் சுற்றுலாத் தலம். அப்படித் தேடிப் பிடித்ததுதான் எடை அளவைக் காட்சியகம். பழைய தராசுகள், படிக்கற்கள், முழக்கோல்கள், நடுக்கூடத்தில் மூட்டைகளை எடைபோடுகிற பெரிய மேடைத் தராசு, அதற்கு ஆளுயர வட்ட முகப்பு, அதில் ஒரு முள். அனுமதி இலவசம். இலவசமாக இருந்தும் யாரும் வருவதில்லை. இன்ஸ்பெக்டருக்கு முள் ஆடுவதைப் பார்ப்பதென்றால் உயிர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதோ வருகிறேன், கூடத்தில் எதையோ இழுக்கிற சத்தம்.

ஒன்றுமில்லை, சின்னவள் நாற்காலியை ஃபிரிட்ஜ் பக்கம் நகர்த்துகிறாளாம். நான் பார்த்துக்கிறேன், நீங்க எழுதுங்க என்று பெரியவள் என்னை விரட்டிவிட்டாள். எங்கே விட்டேன்? காட்சியகம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு அக்கா. லிஃப்டைப் பழுது பார்த்தால் உடனே ஆளை ஏற்ற மாட்டோம். வெறும் லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் மெக்கானிக் தனியாக ஏறிப் பார்ப்பான், அப்புறம்தான் மற்றவர்கள். அதே மாதிரி இந்தச் சுற்றுலாவுக்கும் ஒரு வெள்ளோட்டம் விட்டேன். லீவு நாளில் காலையிலேயே மழையில் நனைந்துகொண்டு தனியாகப் புறப்பட்டு, பஸ் பிடித்து, காட்சியகம் போய், சுற்றிப் பார்த்து, கழிவறையைச் சோதித்தேன். கை உலர்த்தும் எந்திரம் இல்லை. ஆணியில் ஒரு பழைய துண்டு தொங்கியது. அந்தத் துண்டைப் பார்த்து ஒருவன் கண்கலங்கியது அதுவே முதல் தடவையாக இருக்கும். வழியெல்லாம் போனில் படம் எடுத்தேன். நாள் எப்படிப் போகும் என்று வரிசையாகப் படம் காட்டினால் அவளுக்குப் பயம் குறையும் என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். பஸ் நிறுத்தம், பஸ், காட்சியக வாசல், பெரிய தராசு, நம் வீட்டுக் கதவு. எல்லாவற்றையும் அச்சுப்போட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, பிரித்துப் பிரித்து ஒட்டுகிற மாதிரி ஒரு நீளப் பட்டையில் ஒட்டி அவளிடம் கொடுத்தேன். அவள் அந்த வாரம் முழுக்க அதைப் பிரித்தாள், ஒட்டினாள், பார்த்தாள். தூங்கும்போதும் தலைமாட்டில். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். படங்களை அவள் பார்த்த அளவுக்கு நான் பார்க்கவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

நாலு பேரும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டோம். நல்ல வெயில். பஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. பட்டையைப் பார்க்கிறாள், நிறுத்தத்தைப் பார்க்கிறாள், மறுபடி பட்டையைப் பார்க்கிறாள். "குடை" என்றாள். படத்தை வாங்கிப் பார்த்தேன். அன்றைக்கு மழை இல்லையா, ஓரத்தில் யாரோ ஒரு அம்மா மஞ்சள் குடை பிடித்து நிற்கிறாள். படம் எடுத்தபோது என் கண்ணில் படவே இல்லை. படத்தில் குடை இருக்கிறது, இங்கே குடை இல்லை, அப்படியென்றால் இது அந்த நிறுத்தம் இல்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது அக்கா, என்னால் வாதாட முடியவில்லை. பஸ் போய்விட்டது. நான் குடைக்கு அலைந்தேன். மருந்துக்கடைக்காரரிடம் கறுப்பு இருந்தது, தையல்காரரிடம் பூப்போட்டது இருந்தது. தெருமுனையில் பழ வண்டிக்கார அம்மா வண்டிக்கு மேலே பெரிய மஞ்சள் குடை நட்டிருந்தாள். ஐந்து நிமிஷம் கொடுங்கம்மா என்று கெஞ்சினேன். எதற்கு என்றாள். சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடையக் கழட்டினா பழம் வாடிடும் சார். வண்டியோடவே வரேன், நடங்க" என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னே போக, வண்டிக்குப் பின்னால் பழம் வாங்க வந்த இரண்டு பேரும் எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே நடக்க, ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் குடையைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், அடுத்து வந்த பஸ்ஸில் தானாக ஏறினாள். நன்றிக்கு நாங்கள் வாங்கிய வாழைப்பழச் சீப்பைச் சாயங்காலம்வரை நான்தான் சுமந்தேன்.

பஸ்ஸில் என் வேலையிடத்துக் காதுமூடியை மாட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தாள். முன் சீட்டில் ஒருவர் போனில் வீடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு, திரும்பி அவளைப் பார்த்து, பாப்பாவுக்கு என்ன பிரச்சினை என்று அனுதாபமாகக் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள், "அவளுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், உங்க போன்தான்." அவர் போனை அணைத்துவிட்டு இறங்குகிறவரை ஜன்னலைப் பார்த்தார். பெரியவளைக் கண்டிக்க வேண்டும் என்று அவள் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவருமே கண்டிக்கவில்லை.

காட்சியக வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து வணக்கம் வைத்தார். பாவம், அவருக்கு வாடிக்கையாளர் என்று திரும்பி வந்தது நான் ஒருவன்தான் போல. நாங்கள் உள்ளே காலெடுத்து வைத்தோம். இன்ஸ்பெக்டர் வைக்கவில்லை. பட்டையை என் முன்னால் நீட்டி, விரலால் தட்டி, "ஏணி" என்றாள். எனக்குப் பார்க்காமலே புரிந்துவிட்டது. வெள்ளோட்டத்தன்று அவர் ஏணி மேல் நின்று வாசல் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். வாசல் நன்றாகத் தெரிகிறதே என்று நான் அதைத்தான் எடுத்தேன். காவலாளியிடம் எப்படிக் கேட்பது? சார், என் மகளுக்காக ஒரு தடவை ஏணியில் ஏறுங்கள் என்றேன். அவர் மேலே பார்த்தார். "பல்பு நல்லாத்தானே எரியுது சார்?" என்றார். நல்லாத்தான் எரியுது என்றேன். எரிகிற பல்புக்கு எதற்கு ஏறணும் என்றார். நான் படத்தைக் காட்டினேன். அவர் தன்னுடைய படத்தை ரசித்துப் பார்த்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்றார். நானே ஏறுகிறேன், தினமும் ஏணியில் ஏறுகிறவன்தானே என்று ஏணியைக் கொண்டுவந்து பாதி ஏறினேன். "அப்பா இல்ல" என்று கீழிருந்து தீர்ப்பு வந்தது. இறங்கினேன். காவலாளி அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்காமல் ஏணியைப் பார்த்தாள். மனுஷன் பெருமூச்சு விட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, படிப்படியாக ஏறி, எரிகிற பல்பைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். இன்ஸ்பெக்டர் உள்ளே போனாள். அவர் ஏணியிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். "சார், அடுத்த தடவை போட்டோ எடுத்தா, நான் நாற்காலில உக்காந்திருக்கும்போது எடுங்க."

இதோடு நின்றிருந்தால் இதை வேடிக்கையாக எழுதி முடித்துவிடுவேன். நிற்கவில்லை. யாருமே வராத அந்த இடத்துக்கு, அன்றைக்கென்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமையில், ஏதோ ஒரு பள்ளிக்கூடம் விசில் ஊதுகிற ஆசிரியரோடு மொத்தமாக வந்து இறங்கியது. நாங்கள் பெரிய தராசுக்கிட்டே போய்ச் சேருவதற்குள் பின்னால் கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பிள்ளைகள்தான், கத்தத்தான் செய்வார்கள். அந்த உயரமான கூரைக்கு ஒரு சத்தம் பத்தாகிறது. அதன் நடுவில் விசில். காதுமூடியைத் தாண்டிப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் காதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தராசு மேடைக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து சுருண்டுகொண்டாள். அவள் அலறியது உன்வரை கேட்டிருக்க வேண்டும். சுற்றிலும் வட்டம் கட்டிவிட்டார்கள். தண்ணி தெளிங்க என்றார் ஒருவர், அடம், ரெண்டு போடுங்க என்றார் இன்னொருவர். உன் தம்பி பெண்டாட்டி புதுப் புடவையோடு தரையில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தொடவில்லை, பேசவில்லை, பக்கத்தில் படுத்தாள், அவ்வளவுதான். சின்னவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். பெரியவள் தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். கையை இறக்கவே இல்லை. நான் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தரையிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்துச் சொன்னாள், "போதுங்க. பழையபடி ஆளுக்கொருத்தராவே போயிக்கலாம்." அவள் அழவில்லை அக்கா. களைத்துப் போய்ச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அந்தக் காவலாளி வந்தார். ஆசிரியரிடம் போய், பெரிய தராசு பழுது, முழக்கோல் கூடத்தில்தான் முக்கியமான பொருளெல்லாம் இருக்கிறது என்று அழுத்தமாகச் சொல்லி, மொத்தப் பள்ளிக்கூடத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். கதவைச் சாத்தினார். அதில் "பழுது" என்று எழுதிய அட்டையை மாட்டினார். கழிவறைக் கதவில் மாட்டுகிற அட்டை அது, பின்னால் ஒரு வாளிப் படம் இருந்தது. உள்ளே நாங்களும் அவரும் மட்டும்.  அலறல் அழுகையாகி, அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டையை எடுத்துப் பார்த்தாள். எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அடுத்த படத்திலும் காவலாளி இருக்கிறார். தராசு வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக வெள்ளோட்டத்தன்று அவரையே மேடையில் ஏற்றி எடுத்திருந்தேன். இந்த முறை நான் கேட்கவே இல்லை, அவரே படத்தை எட்டிப் பார்த்துவிட்டு மேடையில் போய் நின்றுகொண்டார். ஏணிக்கு இது தேவலை என்றார். முள் ஆடி, ஆடி, நின்றது. அவள் அதைப் பார்த்தாள். படத்தில் இருந்தபடியே எல்லாம் சரியாக இருந்தது. அதோடு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான், அடுத்த படம் வீட்டுக் கதவு.

அவள் கிளம்பவில்லை. பட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றினாள். அப்புறம் பெரியவளை. அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், வாழைப்பழத்தோடு ஏறினேன். கடைசியில் தானும் ஏறி, எங்கள் நடுவில் நின்றுகொண்டு, "எல்லாரும்" என்றாள்.

அக்கா, அது படத்தில் இல்லை. எந்த அட்டையிலும் நான் அதை ஒட்டவில்லை. அவளாகச் சொன்னது. முள் ஒரே எகிறாக எகிறி, ஆடி, நடுங்கி, ஒரு இடத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். உன் தம்பி பெண்டாட்டி அப்போதுதான் அழுதாள். காவலாளி இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அசையாமல் நின்றார், அவருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். நான் கூரையைப் பார்த்தேன். எடை எவ்வளவு என்று யாருமே படிக்கவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் வீடு வந்து சேர்ந்தோம். கதவுப் படத்தில் பக்கத்து வீட்டுப் பூனை இருந்ததால் அதைத் தேட நான் மட்டும் மறுபடி வெளியே போனேன், அது வேறு கதை.

இப்போது நீ கேட்பாய், அப்படியென்றால் வர வேண்டியதுதானே என்று. அதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்சியகத்துக்குப் போய்வர எனக்கு ஒரு பழ வண்டி, ஒரு ஏணி, முழங்கால் வலிக்காரர் ஒருவர், ஒரு பொய் அட்டை எல்லாம் தேவைப்பட்டது. உன் வீட்டுக்குப் பஸ், ரயில், மறுபடி பஸ். அங்கே வந்தால் அத்தானின் அலுவலகக் கூட்டம், மைக், கைதட்டல், கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற ஆட்கள். அவளை அதில் இறக்கிவிட எனக்குத் தைரியம் இல்லை. அவளை விட்டுவிட்டு மூணு பேராக வரவும் எனக்கு இஷ்டம் இல்லை. போனில் "சரிக்கா" என்றதை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன். நாங்கள் எண்ணிக்கையில் நாலு. மூணாக வந்தால் அது எங்கள் குடும்பம் இல்லை, அதில் முக்கால். அதனால் இந்த முறை வரவில்லை. இதில் உனக்கு வருத்தம் வரும், வரட்டும், எனக்கும்தான் வருத்தம். விருந்தை நன்றாக நடத்து. எங்களுக்காக ஒரு வரிசை நாற்காலி காலியாக விடு என்றெல்லாம் உருக்கமாக எழுத மாட்டேன், நாற்காலி வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அத்தானுக்கு என் வணக்கமும், ஓய்வு நாட்களில் அவர் உன் சமையலில் குறை கண்டுபிடிக்காமல் இருக்கும் பக்குவம் வர வேண்டும் என்கிற என் வேண்டுதலும். உன் பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். உன் தம்பி பெண்டாட்டியும் பெரியவளும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் எதுவும் சொல்லச் சொல்லவில்லை, அவளாகச் சொல்வாள்.

என்றும் உன் சொல் கேட்கிற, இந்த ஒரு தடவை மட்டும் கேட்காத
தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் போட்டு ஒட்ட உறை எடுப்பதற்காகக் கூடத்துக்குப் போனேன். நாற்காலி ஃபிரிட்ஜ் முன்னால் கிடக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த உன் படத்தைக் காணோம். போன வருஷம் உன் பிள்ளைகள் எடுத்து அனுப்பினார்களே, நீ தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நீல வாளியோடு வாசலில் நின்று, எதற்கு இப்போ போட்டோ என்று வாய் திறந்து திட்டிக்கொண்டிருக்கிற படம், அதுதான். தரையில் பட்டை விரிந்து கிடக்கிறது. முதலில் பஸ். அப்புறம், பெரியவளின் பாடப் புத்தகத்திலிருந்து கத்தரித்த ரயில். அப்புறம் உன் படம். அதற்கடுத்து எங்கள் நாலு பேரின் பழைய போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த நாலு தலைகள், வரிசையாக.  அவளே என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. விருந்துக்கு முந்தின நாளே வருகிறோம், நாலு பேரும். எங்களுக்கு மைக் கேட்காத ஒரு அறை ஒதுக்கி, கதவில் "பழுது" என்று எழுதி மாட்டு. நாங்கள் வருகிற நேரத்துக்கு நீ தலையில் துண்டோடு வாசலில் நிற்க வேண்டும். அந்தப் படத்தின் ஓரத்தில் அத்தானின் இடது முழங்கை மட்டும் தெரிகிறது, அவரையும் அந்த அளவுக்கு நிறுத்திவை. வாளியில் தண்ணீர் இருந்ததா என்று படத்தில் தெரியவில்லை, எதற்கும் நிரப்பியே வை. திட்டுவதற்கு வாய் திறக்க மட்டும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.